வைகை முகத்துவாரத்தில் வெள்ளக் கலங்கல்: எந்தக் கொத்துமுறை நமக்குச் சரி?

ஐப்பசியில் முதல் வெள்ளம் இறங்கும்போது ராமநாதபுரம் பெரிய கண்மாய்க் கலுங்கில், அதாவது நிரம்பிய தண்ணீர் வழியும் இடத்தில் நின்று ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பாருங்கள். பால் தூக்கலாக விட்ட டீ நிறத்தில் இருக்கும். பாட்டிலை அசைக்காமல் சுவர் மேல் வைத்துவிட்டு அரை மணி நேரம் கழித்து வந்தால், அடியில் ஒரு நூல் கனத்துக்கு மணல் படிந்திருக்கும். மேலே நிறம் அப்படியேதான் இருக்கும். அடியில் தங்கியது கண்மாயைத் தூர்க்கிற பொருள். மேலே தங்காமல் நிற்கிறதே, அந்தக் களி கலுங்கு தாண்டி முகத்துவாரத்தில் உள்ள ஆற்றங்கரை என்ற ஊர் வரை போய்ப் பாக் விரிகுடாவில் கடற்புல் மேல் படிகிறது. கடற்புல்லுக்கு வெயில் எட்டினால்தான் வளர்ச்சி. கடல் பசுவுக்கு அதுதான் தீனி. நமக்கு வடக்கே தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் தமிழ்நாடு அரசு கடல் பசுக் காப்பகமாக அறிவித்ததும் இந்தப் புல்வெளிகளை நம்பித்தான்.

ஆறு எவ்வளவு மண் கொண்டுவருகிறது என்பதை ஆண்டுக்கு ஓர் எண்ணாகச் சொன்னால் யாருக்கும் உதவாது. மண் வருவது மழை வெள்ளத்தில். வெள்ளத்துக்கு வெள்ளம் அது வேறு மாதிரி வரும். எந்த வெள்ளம் எதன் ஜாடை என்று இனம் பிரிக்கத்தான் தரவுக் கொத்தாக்கம், அதாவது கிளஸ்டரிங். கலங்கல் அளக்கக் கிளம்புகிற மாணவர்கள் என்னிடம் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்த அல்காரிதம் நல்லது சார்?" என்பதைத்தான். எத்தனை வெள்ளம் கையில் இருக்கிறது, அது எந்த ஆறு என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. ராமநாதபுரம் கரைக்கு என்று கேட்டால் என்னிடம் திடமான பதில் ஒன்று உண்டு: படிநிலைக் கொத்து. மற்ற முறைகளையும் செய்து பார்த்துவிட்டுத்தான் இந்த முடிவுக்கு வந்தேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில் வளையம். ஆற்றில் நொடிக்கு 1,000 கன அடி ஏறிக்கொண்டிருக்கும்போது ஒரு பாட்டில் பிடியுங்கள். வெள்ளம் உச்சம் போய் வடிந்து, மறுபடி 1,000 கன அடிக்கு வரும்போது இன்னொரு பாட்டில் பிடியுங்கள். தண்ணீர் அளவு ஒன்றுதான், கலங்கல் ஒன்றாக இருக்காது. நீரளவைக் கிடைக்கோட்டிலும் கலங்கலை நெட்டுக்கோட்டிலும் வைத்து, வெள்ளம் முழுவதையும் நேர வரிசையில் புள்ளி வைத்து இணைத்தால் ஒரு வளையம் கிடைக்கும். கடிகாரம் சுற்றும் திசையில் வளையம் போனால், கலங்கல் முந்திக்கொண்டு உச்சம் தொட்டிருக்கிறது. மண் பக்கத்திலேயே கிடந்திருக்கிறது, ஆற்றுப் படுகையிலோ கரை ஓரத்திலோ. முதல் தண்ணீரே அதை வாரிக்கொண்டு வந்துவிட்டது. எதிர்த் திசையில் போனால் மண் பிந்தி வந்திருக்கிறது: தொலைவில் உள்ள ஓடைகளிலிருந்து வந்திருக்கலாம், அல்லது வெள்ளம் வடியும்போது கரை சரிந்திருக்கலாம். எட்டு போல முறுக்கிக்கொள்ளும் வளையமும் உண்டு. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கார்னெட் வில்லியம்ஸ் 1989-இல் இவற்றை ஐந்து வகையாகப் பிரித்து எழுதினார். இன்றைக்கும் இந்தத் துறையில் எவரும் தொடங்குவது அங்கிருந்துதான்.

அப்படியானால் முதல் வழி, கம்ப்யூட்டரே இல்லாத வழி: ஒவ்வொரு வெள்ளத்துக்கும் வளையம் வரைந்து, கண்ணால் பார்த்து வகை பிரிப்பது. செலவில்லை. ஒரு கிராஃப் தாள் போதும். இதில் கைவைக்காமல் நேரே கணினிக்குப் போகிறவர்களை நான் தடுத்து நிறுத்துவேன். கையால் இருபது வளையம் வரைந்தவருக்கு எந்த வெள்ளத்தில் கலங்கலை அளக்கும் சென்சார் பொய் சொல்கிறது என்பது வரையும்போதே தெரிந்துவிடும். ஆனால் இதை மட்டுமே நம்பினால் இரண்டு சங்கடம். ஒரே வளையத்தை ஒருவர் 'எட்டு' என்பார், இன்னொருவர் 'கோணலான வலஞ்சுழி' என்பார். அதைவிடப் பெரியது, வளையத்தின் வடிவம் மட்டும் கண்ணில் பட்டு மற்றதெல்லாம் விட்டுப்போவது. வெள்ளம் மூன்று மணி நேரம் வந்ததா மூன்று நாள் வந்ததா என்பது வளையத்தில் தெரியாது. நம் ஊரில் விஷயமே அதில்தான் இருக்கிறது.

ஏனென்றால் வைகை சாதாரண ஆறு இல்லை. வருசநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் வருகிறது. 1959-இலிருந்து நடுவில் அணை நிற்கிறது. கீழே பார்த்திபனூர் மதகணை. அதற்கும் கீழே கண்மாய் கண்மாயாக வாங்கிக்கொண்டு, கடைசியில் பெரிய கண்மாயில் விழுந்து, மிஞ்சியதுதான் ஆற்றங்கரைப் பக்கம் கடலுக்குப் போகிறது. வைகை கடல் சேராத ஆறு என்று பழங்காலத்திலிருந்தே சொல்வது இதனால்தான். ஆகவே முகத்துவாரத்தில் கலங்கல் ஏறினால் மூன்று காரணம் இருக்கலாம். உள்ளூர் மழை கொட்டி, சுற்றுவட்ட ஓடை எல்லாம் நுங்கும் நுரையுமாக வந்திருக்கலாம்; அது சட்டென்று ஏறிச் சட்டென்று வடியும். அணையில் திறந்துவிட்ட தண்ணீர் வந்திருக்கலாம். அது நாள்கணக்கில் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் வரும். மலை வண்டலில் பெரும்பங்கை அணையிலேயே தங்கவிட்டுவிட்டு வருவதால், அது கொண்டுவரும் மண் அநேகமாக வழியில் படுகையிலும் சீமைக்கருவேலம் அடைத்த கரைகளிலும் அரித்தது.

மூன்றாவது காரணத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஆற்றங்கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர். நான் முகத்துவாரத்தில் பிடித்த பாட்டிலைக் காட்டி, "வெள்ளம் வந்திருச்சு போல அண்ணே" என்றேன். அவர் மூடியைத் திறந்து இரண்டு விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். "இது ஆத்துத் தண்ணி இல்ல தம்பி. ஆத்துச் சேறு விரல்ல ஒட்டும், இது நறநறங்குது பாருங்க. வாடைக்குக் கடல் கிளப்புன மண்ணு." அன்றைக்கு மேலே கலுங்கு வழியவே இல்லை என்பது அப்புறம் தெரிந்தது. வடகிழக்குப் பருவத்தில் ஆற்றில் வெள்ளம் வருகிற அதே நாட்களில்தான் பாக் விரிகுடாவும் வாடைக் காற்றில் கொந்தளிக்கிறது. ஆழம் குறைந்த கடல். அலை அடித்தால் அடிமண் எழும்பிவிடும். சென்சாருக்கு இரண்டும் ஒன்றுதான். குண்டாறு கடல் சேரும் மூக்கையூர்ப் பக்கம் இந்தத் தொல்லை குறைவு. வாடைக் காலத்தில் மன்னார் வளைகுடா ஒப்பீட்டளவில் அடங்கிக் கிடக்கும். அதனால் முதல்முறை அளக்கிறவர்களுக்கு நான் மூக்கையூரைத்தான் சொல்வேன்.

சரி, இந்த மூன்றையும் பிரித்துக் காட்டுகிற முறைதான் நமக்கு வேண்டும்.

பலரும் முதலில் எடுப்பது கே-மீன்ஸ். ஒவ்வொரு வெள்ளத்தையும் சில எண்களாகச் சுருக்கிக்கொள்கிறோம்: மொத்த மழை, உச்ச நீரளவு, உச்சக் கலங்கல், எத்தனை மணி நேரம், வளையம் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்பதற்கு -1 முதல் 1 வரை ஒரு குறியீடு. பிறகு எத்தனை கொத்து வேண்டும் என்று நாமே ஓர் எண் சொல்கிறோம். கணினி அத்தனை மையங்களை வைத்து, ஒவ்வொரு வெள்ளத்தையும் அருகில் உள்ள மையத்தில் சேர்த்து, மையங்களை நகர்த்தி, மறுபடி சேர்த்து, நகர்வு நிற்கும்வரை செய்யும். இந்தப் பெயர் 1967-இல் மக்குயின் வைத்தது. இதில் எல்லோரும் விழும் குழி ஒன்று இருக்கிறது. கணக்குக்காக ஒரு வெள்ளத்தில் மழை 60 மி.மீ., கலங்கல் 1,800 என்.டி.யு. (சென்சார் கலங்கலைச் சொல்லும் அலகு), வளையக் குறியீடு 0.4 என்றும், இன்னொன்றில் 70 மி.மீ., 900 என்.டி.யு., -0.4 என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியே தூரம் கணக்கிட்டால் கலங்கலின் 900 வித்தியாசம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். வளையம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் புரண்டதை, நமக்கு மிக முக்கியமான அந்தச் சேதியை, கணினி பொருட்படுத்தவே செய்யாது. ஒவ்வொரு எண்ணையும் அதனதன் சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுத்த பிறகுதான் உள்ளே விட வேண்டும். கலங்கலுக்கு மடக்கை எடுத்துவிடுவது இன்னும் நல்லது. இந்த எச்சரிக்கை எண்களை வைத்துச் செய்யும் எல்லா முறைக்கும் பொருந்தும், படிநிலைக்கும் சேர்த்துத்தான்.

இதைச் சரிசெய்தாலும் கே-மீன்ஸ் எனக்கு ஒத்துவரவில்லை. காரணம் நம் மழைதான். ஆண்டு சராசரி 800 மி.மீ.-ஐ ஒட்டிய மாவட்டம் இது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். 2020 டிசம்பரில் புரெவி புயல் பாம்பனை ஒட்டி மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்றதே, அப்படி ஒரு நிகழ்வு பட்டியலில் இருந்தால் அது ஒரு மையத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். அல்லது தானே தனிக் கொத்தாக உட்கார்ந்துகொண்டு, மற்ற எல்லாவற்றையும் மிச்சமிருக்கும் இரண்டு கொத்துக்குள் நெருக்கிவிடும். தொடக்க மையங்களை மாற்றிவைத்து மறுபடி ஓட்டினால் வேறு விடை. நூற்றுக்கணக்கில் வெள்ளம் இருந்தால் இந்த ஆட்டம் அடங்கும். இருபது, இருபத்தைந்தில் அடங்காது.

மழையைப் பற்றிப் பேசும்போதே ஒன்று சொல்லிவிட வேண்டும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 41 செ.மீ. கொட்டியது. அந்த எண்ணை எடுத்து வைகை வெள்ளத்தின் மழைக் கட்டத்தில் போட்டுவிடாதீர்கள். தீவில் பெய்தது தீவிலிருந்தே கடலுக்குப் போய்விட்டது, வைகைக்கு அதனால் ஒன்றும் இல்லை. உங்கள் அளவிடத்துக்கு மேலே, பரமக்குடி வரையிலாவது உள்ள மழைமானிகளின் எண்ணைத்தான் எடுக்க வேண்டும். அணைத் தண்ணீராக இருந்தால் மழைக் கட்டத்தில் பூஜ்யம்கூட வரலாம். அந்தப் பூஜ்யமும் ஒரு துப்புதான்.

அடுத்து, இப்போது ஆய்வாளர்கள் அதிகம் விரும்புகிற வழி. வெள்ளத்தை நாலைந்து எண்ணாகச் சுருக்காமல், நீரளவும் கலங்கலும் ஏறி இறங்கிய முழுக் கோட்டையும் அப்படியே ஒப்பிடுவது. இரண்டு கோடுகள் ஒரே வேகத்தில் போகாததால், காலத்தை இழுத்தும் சுருக்கியும் பொருத்திப் பார்ப்பார்கள். டைனமிக் டைம் வார்ப்பிங் என்று பெயர். 1978-இல் சகோவும் சிபாவும் பேச்சை அடையாளம் காண்பதற்காகச் செம்மைப்படுத்திய முறை. ஒருவர் 'அம்மா' என்று வேகமாகச் சொன்னாலும் 'அம்ம்மா' என்று இழுத்தாலும் சொல் ஒன்றுதான் என்று கணினிக்குப் புரியவைக்க வந்தது. அந்தத் தூரத்தை வைத்து, சராசரி மையத்துக்குப் பதிலாக உண்மையான ஒரு வெள்ளத்தையே கொத்தின் நடுவில் வைக்கும் கே-மெடாய்ட்ஸ் முறையில் பிரிப்பார்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் மேட் ஆற்றுப் படுகையில் 600-க்கும் மேற்பட்ட மழை நிகழ்வுகளை வைத்து இப்படிச் செய்திருக்கிறார்கள். நல்ல வேலை. வளையத்தின் திசையை மட்டும் பார்த்தால் ஒன்றாகத் தெரியும் வெள்ளங்களுக்குள்ளும் வேறுபாடு இருப்பதை இந்த வழியால் காட்ட முடியும். ஒவ்வொரு கொத்துக்கும் 'இதோ, இந்த நாளில் வந்த இந்த வெள்ளம்தான் மாதிரி' என்று கையைக் காட்ட முடிவதும் எனக்குப் பிடித்தது. பாசன சங்கக் கூட்டத்தில் சராசரியைச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். போன தீபாவளிக்கு மறுநாள் வந்த தண்ணீர் என்று சொன்னால் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

ஆனால் அதன் பலமே நம் கரையில் பலவீனமாகிவிடுகிறது. மூன்று மணி நேரக் காட்டு வெள்ளத்தையும் மூன்று நாள் அணைத் தண்ணீரையும் பக்கத்தில் வையுங்கள். முறை என்ன செய்யும்? சின்னதை இழுத்து, பெரியதைச் சுருக்கி, இரண்டும் ஒரே வடிவம் என்று சேர்த்துவிடும். பேச்சுக்கு அது சரி. நமக்கோ கால அளவுதான் பிரிக்கும் அடையாளம், அதையே அழித்துவிடுகிறது. இழுப்புக்கு எல்லை போட்டுக் கட்டுப்படுத்தலாம். எவ்வளவு எல்லை என்பதை முடிவுசெய்யப் போதுமான வெள்ளங்கள் வேண்டும். போதாக்குறைக்கு இடைவெளி இல்லாத பதிவு வேண்டும், பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்தாலும். நடுவில் பேட்டரி இறங்கினாலோ சென்சார் கண்ணாடியில் பாசி படிந்தாலோ அந்த வெள்ளமே பயன்படாது. ஒரு பருவத்தில் முகத்துவாரத்தில் வைத்திருந்த என் சென்சாரை மூன்று வாரம் துடைக்காமல் விட்டுவிட்டேன். எடுத்துப் பார்த்தபோது பாசிக்கு நடுவே கொட்டலசு முளைத்திருந்தது. அந்தப் பருவத்தின் கடைசி இரண்டு வெள்ளமும் போயிற்று. நாலைந்து எண்ணாகச் சுருக்கும் முறையாக இருந்திருந்தால், கையில் பிடித்துவைத்த பாட்டில்களைக் கொண்டாவது உச்சத்தையும் வளையத்தின் திசையையும் தேற்றியிருப்பேன்.

அடர்த்தியை வைத்துப் பிரிக்கும் டிபிஸ்கேன் என்று ஒன்று உண்டு, 1996-இல் வந்தது. கூட்டத்தில் சேராததை 'இரைச்சல்' என்று ஒதுக்கிவைக்கும் அதன் குணம் புயலுக்குப் பொருத்தம்போலத் தெரியும். இருபத்தைந்து புள்ளியில் அடர்த்தி எங்கிருந்து வரும்? பாதி வெள்ளத்தை இரைச்சலில் தள்ளிவிடும். அதை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

இனி நான் சொல்லும் படிநிலைக் கொத்து. ஒவ்வொரு வெள்ளமும் தனித்தனியாக நிற்பதிலிருந்து தொடங்கும். மிக நெருங்கிய இரண்டைச் சேர்க்கும். பிறகு அடுத்த நெருக்கம், அதற்கடுத்தது என்று எல்லாம் ஒன்றாகும்வரை போகும். எதைச் சேர்த்தால் கொத்துக்குள் சிதறல் குறைவாகக் கூடுமோ அதைச் சேர்ப்பது 1963-இல் ஜோ வார்டு சொன்ன விதி, நான் பயன்படுத்துவதும் அதுதான். கடைசியில் கிடைப்பது வம்சாவளி போல ஒரு மரம். இருபத்தைந்து வெள்ளம் என்றால் ஒரே தாளில் அடங்கும். எத்தனை முறை ஓட்டினாலும் அதே மரம்தான். எத்தனை கொத்து என்று முன்கூட்டியே ஊகிக்கவும் வேண்டாம். மரத்தைப் பார்த்து, கிளைகள் நீளமாகப் பிரியும் இடத்தில் வெட்டிக்கொள்ளலாம். புரெவி போன்ற ஒன்று வந்தால் அது யாரோடும் சேராமல் நெடுந்தூரம் தனிக்கிளையாகவே ஓடி வரும். மற்றவற்றின் சேர்க்கையைக் குலைக்காது. அதைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளலாம். என் வழக்கம், மூன்று வெள்ளத்துக்குக் குறைவாக இருந்தால் அதைக் கொத்து என்று சொல்வதில்லை.

குறை இல்லாமல் இல்லை. தொடக்கத்தில் தப்பாக ஒன்று சேர்ந்துவிட்டால் பிறகு பிரிக்காது. அதற்கு ஒரு சோதனை செய்கிறேன்: ஒரு வெள்ளத்தை எடுத்துவிட்டு மரத்தை மறுபடி வரைவது, அடுத்து இன்னொன்றை எடுத்துவிட்டு வரைவது, இப்படி எல்லாவற்றுக்கும். எந்த வெள்ளங்கள் எப்போதும் ஒன்றாகவே இருக்கின்றனவோ அவற்றை நம்பலாம். ஒன்றை எடுத்ததும் சிதறுகிற கொத்தைப் பற்றி யாரிடமும் பேச வேண்டாம். ஒவ்வொரு வெள்ளமும் தன் கொத்தோடு எவ்வளவு ஒட்டி, அடுத்த கொத்திலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று காட்டும் பீட்டர் ரூசோவின் சில்லவெட் அளவையும் கூடவே பார்க்கலாம். சில்லவெட் இரண்டு கொத்து என்று சொல்லி, ஆற்றின் நடப்பு மூன்று என்று சொன்னால், நான் ஆற்றின் பக்கம்தான் நிற்பேன்.

மரத்துக்குள் என்ன எண்களை விடுவது என்பதில்தான் முழு அக்கறையும் வேண்டும். எனக்குப் போதுமானவை ஐந்து: வெள்ளத்தின் கால அளவு, மேலே பெய்த மழை, உச்சக் கலங்கலின் மடக்கை, வளையக் குறியீடு, அப்புறம் கடற்காற்று. கடைசியானது வேறு ஊர்க் கணக்கில் அதிகம் இருக்காது. பாம்பனில் வானிலை நிலையம் இருப்பதால் காற்றின் எண் கிடைக்கும். இதைச் சேர்த்தால்தான், நீரளவு கூடாமல் கலங்கல் மட்டும் கூடிய நாட்கள் தனிக் கிளையாக ஒதுங்கும். கண்மாய்க்கு மேலே வரத்தில் அளந்ததையும் கலுங்குக்குக் கீழே அளந்ததையும் ஒரே மரத்தில் போடக் கூடாது. கண்மாய்க்குள் கலங்கல் சுற்றித் தாமதித்துத்தான் வெளியே வரும். அதனால் கீழே வளையம் இடஞ்சுழியாகத் தெரிந்தால், மண் தொலைவிலிருந்து வந்தது என்று எழுதிவிட முடியாது. இரண்டு இடம், இரண்டு மரம்.

இப்படிப் பிரித்தது என்ன முடிவுக்கு உதவும்? வலஞ்சுழிக் கொத்து பெரிதாக இருந்தால் மண் பக்கத்துப் படுகையில்தான் கிடக்கிறது. வரத்துக் கால்வாயையும் அதன் கரையையும் கோடையில் சரிசெய்தால் கண்மாய்க்குள் வருவது குறையும். பிந்தி வரும் கொத்து பெரிதாக இருந்தால் இங்கே வெட்டிப் பயனில்லை, மேலே போய்ப் பார்க்க வேண்டும். கடல் கிளப்பிய கொத்துதான் பெரிது என்றால், கடற்புல் கலங்கலுக்கு ஆற்றைக் குறை சொல்வதை நிறுத்தலாம். கண்மாயில் கரம்பை அள்ள அனுமதி கேட்கும் விவசாயிக்கும் கரையோர மீனவருக்கும் இந்த மூன்றும் மூன்று வேறு செய்திகள்.

மூன்று பருவம் விடாமல் அளந்தால் இருபதோ இருபத்தைந்தோ வெள்ளம் கிடைத்தாலே நம் கரையில் பெரிய விஷயம். அதுவரை படிநிலை. தொடர்ந்து அளந்து நூறைத் தாண்டும் நாளில் முழுக் கோட்டை ஒப்பிடும் முறைக்குப் போகலாம். அதற்காக இன்றைக்கே பதினைந்து நிமிடப் பதிவை அழிக்காமல் வைத்திருங்கள். சென்சார் எண்ணை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு வெள்ளத்திலும் ஏறும்போது மூன்று, உச்சத்தில் இரண்டு, வடியும்போது மூன்று பாட்டில் பிடித்து, வடிதாளில் வடிகட்டி, 105 டிகிரியில் உலர்த்தி எடை போடுங்கள். என்.டி.யு.-வை லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று மாற்றுவதற்கு வேறு குறுக்குவழி இல்லை. களிக்கும் மணலுக்கும் அந்த மாற்று ஒன்றாக இருக்காது என்பதால், ஆற்று வெள்ளத்துக்குப் போட்ட கோட்டைக் கடல் கலக்கத்துக்கு எடுக்காதீர்கள்.

குறிப்பேட்டில் பாட்டில் எண், நேரம், கலுங்கு வழிந்ததா, அணை திறந்திருந்ததா, காற்று எந்தப் பக்கம் என்ற கட்டங்களோடு இன்னொரு கட்டமும் போடுங்கள்: 'ஆறா, கடலா?' தண்ணீரை விரலில் தேய்த்துப் பார்த்து, கரையில் இருக்கும் பெரியவர் ஒருவரிடமும் கேட்டு, அந்தக் கட்டத்தை அன்றைக்கே நிரப்பிவிடுங்கள். மரம் வரைந்த பிறகு போய்க் கேட்டால், மரத்துக்குத் தோதான பதிலைத்தான் நாமே அவர் வாயிலிருந்து வரவழைப்போம்.